கான்சாபுரத்துக்குப் பேர் தந்த கும்மந்தான்



சுவர்ப் பத்திரிகைக்குத் தலைவர் வரலாறு எழுதச் சொன்னதும் எங்க வகுப்பில் நாலு பேர் காமராசரை எடுத்துக்கொண்டார்கள். நம்ம மாவட்டத்துக்காரர், எழுதட்டும். நான் எழுதப்போகிறவருக்குச் சிலையும் கிடையாது, பிறந்தநாள் லீவும் கிடையாது. ஒரு ஊர்ப் பேர்தான் உண்டு.

வத்திராயிருப்புப் பக்கம் கூமாபட்டிக்குக் கிட்டத்தில் கான்சாபுரம் இருக்கிறது. எங்க சித்தியைக் கட்டிக்கொடுத்த ஊர். கான்சா என்றால் என்ன என்று சித்தப்பாவின் அப்பாவிடம் கேட்டேன். கான் சாகிபு என்கிற பேர்தான் வாயில் தேய்ந்து கான்சா ஆகிவிட்டது, அவர் பேரில் அமைந்த ஊர் இது என்று சொன்னார். மதுரையிலும் கான்சாமேட்டுத் தெரு, கான்பாளையம் என்று இருக்கின்றன. அதற்கப்புறம்தான் அவரைப் பற்றித் தேட ஆரம்பித்தேன்.

ராமநாதபுரம் சீமையில் பனையூர் என்ற ஊரில் 1725-ஐ ஒட்டி ஒரு வேளாளர் வீட்டில் பிறந்தவர். பேர் மருதநாயகம். சின்ன வயதிலேயே வீட்டை விட்டுப் போய்விட்டார். பிறகு இஸ்லாத்தில் சேர்ந்து முகமது யூசுப் கான் ஆனார். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் கொஞ்ச காலம் இருந்தார், அப்புறம் இங்கிலீஷ்காரர்களின் கம்பெனிப் படையில் சேர்ந்தார். திருச்சியைப் பிரெஞ்சுக்காரர்கள் முற்றுகை போட்டபோது, எதிரி கண்ணில் படாமல் சாப்பாட்டு வண்டிகளைக் கோட்டைக்குள் கொண்டுவந்து சேர்த்தவர் இவர்தான். எந்தப் பாதையில் எப்போது போகலாம் என்று அவருக்கு அத்துப்படி. கம்பெனியார் தங்கப் பதக்கம் கொடுத்து, சிப்பாய்களுக்கெல்லாம் தளபதி ஆக்கினார்கள். தளபதி என்பதற்குரிய இங்கிலீஷ் வார்த்தையை நம்ம ஜனங்கள் கும்மந்தான் என்று ஆக்கிவிட்டார்கள். கும்மந்தான் கான் சாகிபு என்றால் அப்போது பாளையங்கள் எல்லாம் நடுங்குமாம்.

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. நாம் பாடத்தில் படித்த பூலித்தேவர் இருக்கிறாரே, நெற்கட்டும்செவலில் வெள்ளைக்காரனுக்கு வரி கட்ட மாட்டேன் என்று நின்றவர், அவருடைய கோட்டைகளைப் பிடித்தது வேறு யாரும் இல்லை, இந்தக் கான் சாகிபுதான். நம்ம ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுற்றியும் சண்டை நடந்தது. பல தடவை முட்டிப் பார்த்தும் முடியாமல், கடைசியில் 1761-இல் பெரிய பீரங்கிகளை வைத்து நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் என்ற மூன்று கோட்டைகளையும் பிடித்தார். (இந்தப் பனையூர் வேறு, அவர் பிறந்த பனையூர் வேறு.) இவரைப் போய் எழுதணுமா என்று நோட்டை மூடி வைத்துவிட்டேன். எங்க அம்மாதான் முழுசாப் படிச்சுட்டு அப்புறம் கோபப்படு என்றார்.

மதுரை, திருநெல்வேலிச் சீமைகளைக் கவனிக்கும் பொறுப்பை 1759-இல் கம்பெனி அவரிடம் கொடுத்தது. வருசத்துக்கு 5 லட்சம் ரூபாய் கட்டவேண்டும். அதற்கு முன்னால் மதுரையில் ஒழுங்கே இல்லை, யார் வேண்டுமானாலும் கொள்ளையடிக்கலாம் என்றிருந்தது. இவர் வந்ததும் வழிப்பறியை அடக்கினார். கண்மாய்களைப் பழுது பார்த்தார். பறிபோயிருந்த மீனாட்சியம்மன் கோயில் நிலங்களை மீட்டுக் கோயிலுக்கே கொடுத்தார். தொழுகிறவர் கோயிலைக் காப்பாற்றினார் என்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. நெசவாளர்களுக்கும் வியாபாரிகளுக்கும் பயமில்லாத காலமாக இருந்ததாம். வரியும் ஒழுங்காக வசூலானது.

நல்லா நடத்தினால் பொறாமை வருமே. ஆற்காட்டு நவாப் முகமது அலிக்கு வந்தது. மதுரை என்னுடையது, கான் சாகிபு என் வேலைக்காரன், பணத்தை என் கையில்தான் கட்டணும் என்றார். கான் சாகிபு வருசத்துக்கு 7 லட்சமாகவே கட்டுகிறேன், என்னையே இருக்கவிடுங்கள் என்று கம்பெனியிடம் கேட்டார். கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை. அத்தனை வருசம் அவர்களுக்காகச் சண்டை போட்டவரை விட்டுவிட்டு நவாப் பக்கம் சாய்ந்துவிட்டது. கான் சாகிபு பணியவில்லை. பீரங்கியும் மருந்தும் சேர்த்தார், பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார்.

1763-இல் கம்பெனிப் படையும் நவாப் படையும் சேர்ந்து மதுரைக் கோட்டையை வளைத்தன. சில மாசம் சுட்டுப் பார்த்தார்கள், முடியவில்லை. அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மழையில் மருந்து என்ன பாடுபடும் என்று நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம். முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பிப் போனார்கள். மறு வருசம் இன்னும் பெரிய படையோடு வந்தார்கள். 1764 ஜூன் 26-ஆம் தேதி சுவரேறிப் பிடிக்கப் பார்த்தார்கள். அதிலும் தோற்றுத்தான் போனார்கள். அதற்கப்புறம் சண்டை போடுவதை விட்டுவிட்டு, ஒரு படி அரிசிகூட உள்ளே போகாமல் அடைத்துவிட்டார்கள். திருச்சியில் பட்டினி கிடந்த கோட்டைக்குச் சாப்பாடு கொண்டுவந்தவருடைய கோட்டையே பட்டினி கிடந்தது. குதிரைகளை அடித்துச் சாப்பிட்டார்களாம். இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

வெளியே இருந்தவர்களால் முடியாததைக் கூட இருந்தவர்கள் செய்தார்கள். திவான் சீனிவாசராவ், வைத்தியர் பாபா சாகிபு, பிரெஞ்சுக்காரர் மர்ச்சந்த் மூன்று பேரும் கூடிப் பேசிவைத்து, அக்டோபர் 13-ஆம் தேதி அவர் தொழுதுகொண்டிருந்தபோது மேலே விழுந்து பிடித்தார்கள். அவருடைய தலைப்பாகையாலேயே அவரைக் கட்டினார்கள். சத்தம் கேட்டு அவர் மனைவி மாசா காவல்காரர்களோடு ஓடிவந்திருக்கிறார், காப்பாற்ற முடியவில்லை. மாசா பறங்கிப் பெண். கையில் சின்னப் பையன் வேறு. இரண்டு நாள் கழித்து, 1764 அக்டோபர் 15-ஆம் தேதி சாயங்காலம், சம்மட்டிபுரத்தில் நவாப் அவரைத் தூக்கில் போட்டார். நாற்பது வயதுகூட இருக்காது. இரண்டு தடவை கயிறு அறுந்து மூன்றாவது தடவைதான் உயிர் போனது என்று கதை சொல்கிறார்கள். திரும்ப எழுந்து வந்துவிடுவாரோ என்ற பயத்தில் தலையைத் திருச்சிக்கும், கைகால்களை வேறு வேறு ஊர்களுக்கும் அனுப்பினார்கள் என்றும் சொல்கிறார்கள். எதிரி பயந்தால்தான் இப்படிக் கதை வரும். கான் சாகிபு சண்டை என்று கதைப்பாடலே இருக்கிறது.

உடம்பைப் புதைத்த இடத்தில் 1808-இல் ஒரு பள்ளிவாசல் கட்டினார்கள். போன லீவில் மதுரைக்குப் போனபோது அப்பாவை நச்சரித்து அங்கே கூட்டிப்போகச் சொன்னேன். ரொம்பப் பெரிசாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். சின்னது. ரோட்டில் பஸ்ஸும் ஆட்டோவும் ஆரன் அடித்துக்கொண்டு போகின்றன, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசல் பக்கமே நின்றேன். பூலித்தேவர் ஞாபகமும் வந்தது, தொழுகையில் கட்டிப்போட்ட ஞாபகமும் வந்தது. கிளம்பலாமா என்று அப்பா இரண்டு தடவை கேட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

இன்னொரு விசயம். கமல்ஹாசன் மருதநாயகம் என்று ஒரு படத்துக்கு 1997-இல் பூஜை போட்டார். அதற்கு வந்தது யார் தெரியுமா? இங்கிலாந்து மகாராணி எலிசபெத். படம் முடியவே இல்லை.

மதுரைக்குப் போகிறவர்கள் மீனாட்சியம்மன் கோயிலோடு திரும்பிவிடாதீர்கள். பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே காஜிமார் பெரிய பள்ளிவாசல் இருக்கிறது, ரொம்பப் பழசு. வைகைக்கு வடகரையில் கோரிப்பாளையம் தர்கா. அங்கிருந்து கொஞ்சம் போனால் தமுக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனை. அதில்தான் காந்தி மியூசியம், சுற்றி நல்ல மரநிழல், கட்டுச்சோற்றை அங்கே சாப்பிடலாம். கான் சாகிபு பள்ளிவாசலுக்குக் காளவாசலில் இறங்கித் தேனி ரோட்டில் போகவேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் வேண்டாம், தொழுகைக் கூட்டம் இருக்கும்.

— 9-ஆம் வகுப்பு மாணவி