முகத்திற்கு முன் வந்த குரல்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பி. ரம்லியின் குரலைக் கேட்காதவர்கள் மிகக் குறைவு. அவர் யார் என்று தெரியாதவர்கூட அவருடைய பாடலை வானொலியிலோ திருமண விருந்திலோ கேட்டிருப்பார். அவர் வாழ்க்கையைக் குறும்படமாக எடுக்க விரும்பும் மாணவர் குழுவுக்கு இதுவே ஒரு சிக்கல். எல்லாருக்கும் தெரிந்த ஒருவரின் கதையை எந்தக் காட்சியில் தொடங்குவது?

பத்து நிமிடப் படத்தில் முதல் அரை நிமிடம் மிகவும் முக்கியமானது. அங்கே எது காட்டப்படுகிறதோ அதன் நிறமே பிறகு படம் முழுவதும் படிந்துவிடும். விருது மேடையில் தொடங்கினால் அது வெற்றியாளரின் கதை. மருத்துவமனையில் தொடங்கினால் அது துயரக் கதை. ரம்லியின் வாழ்க்கை 44 ஆண்டுகளே நீடித்தது. அதற்குள் இந்த இரண்டுக்கும் இடம் இருந்தது.

பெரும்பாலோர் முதலில் நினைப்பது பிறப்பைத்தான். 1929ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் பினாங்கில் அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் தெங்கு சக்கரியா. தந்தை தெங்கு ஞாக் பூத்தே சுமத்ராவின் அச்சே பகுதியிலிருந்து வந்தவர். பூத்தே என்னும் தந்தை பெயரின் முதல் எழுத்துத்தான் பின்னாளில் பி. ரம்லி என்ற பெயரில் ஒட்டிக்கொண்டது. அவர் பிறந்த மர வீடு புதுப்பிக்கப்பட்டு இன்றும் பினாங்கில் இருக்கிறது. வெளியூரிலிருந்து வருபவர்கள் அதைப் பார்த்துவிட்டுச் செல்கிறார்கள். அங்கே சென்று படம் பிடிப்பது எளிது. ஆனால், தொட்டிலில் கிடக்கும் குழந்தையைக் காட்டித் தொடங்கும் வாழ்க்கைப் படங்கள் ஏராளம். எந்தக் குழந்தையும் தொட்டிலில் கிடந்தபடி தான் யார் என்று சொல்வதில்லை.

பள்ளிப் பருவம் இன்னும் சுவையானது. மலாய்ப் பள்ளியில் தொடங்கி, பிரான்சிஸ் லைட் பள்ளி, பினாங்கு ஃபிரீ ஸ்கூல் எனப் பல இடங்களில் அவர் படித்தார். பாடத்தைவிடப் பந்து விளையாட்டிலும் பாட்டிலும் அவருக்கு நாட்டம் அதிகம். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவிற்குள் நுழைந்தது. படிப்புத் தடைப்பட்டது. மக்கள் உணவுக்கே தவித்த அந்த ஆண்டுகளில் ஜப்பானியர் நடத்திய பள்ளியில் அவர் சேர்ந்தார். அங்கே ஜப்பானிய மொழியோடு ஜப்பானியப் பாடல்களையும் கற்றுக்கொண்டார். போர்க்காலம் பலரிடமிருந்து பலவற்றைப் பறித்தது. அந்தச் சிறுவனுக்கோ அது இன்னொரு நாட்டின் இசையைக் காதில் போட்டுவிட்டுச் சென்றது. யூக்கலேலேயில் தொடங்கிய கைகள் பிறகு கித்தாருக்கும் வயலினுக்கும் பழகின. கமாருடின் என்னும் இசை ஆசிரியர் அவருக்கு முறையாக இசை கற்பித்தார். பிற்காலத்தில் அவர் தம் பாடல்களுக்குத் தாமே இசையமைக்க முடிந்தது இந்தப் பயிற்சியின் பலனே.

போர் முடிந்தபின் பினாங்கு வானொலி நடத்திய பாட்டுப் போட்டிகளில் கலந்துகொண்டார். 1947இல் வட மலாயாவின் சிறந்த பாடகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 18. அசிசா என்னும் பாடலை அவர் இயற்றியதும் அந்த இளமைக் காலத்தில்தான்.

மறு ஆண்டு புக்கிட் மெர்தாஜாமில் ஒரு வேளாண்மைக் கண்காட்சி நடந்தது. அங்கே மேடை ஏறிப் பாடிய இளைஞரைக் கூட்டத்தில் இருந்த ஒருவர் கூர்ந்து கவனித்தார். அவர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ். இந்தியாவிலிருந்து வந்த அவர், 1934இல் வெளிவந்த லைலா மஜ்னுன் என்னும் முதல் மலாய்ப் பேசும் படத்தை இயக்கியவர். சிங்கப்பூரில் ஷா சகோதரர்களின் ஸ்டூடியோவுக்குப் புதுக் குரல்களைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் அழைப்பை ஏற்று ரம்லி சிங்கப்பூருக்குப் புறப்பட்டார்.

கண்காட்சி மேடையும் கூட்டத்தில் நிற்கும் இயக்குநரும் தொடக்கக் காட்சிக்குப் பொருத்தமாகவே தோன்றும். பலர் இதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். ஆனால், சிங்கப்பூரில் அடுத்து நடந்தது இதைவிட விந்தையானது.

பாலஸ்டியர் வட்டாரத்தில் ஜாலான் அம்பாஸ் என்னும் சிறிய சாலையில் அந்த ஸ்டூடியோ இருந்தது. அங்கே பல இனத்தவர் சேர்ந்து வேலை செய்தார்கள். முதலாளிகள் சீனர்கள். நடிகர்கள் பெரும்பாலும் மலாய்க்காரர்கள். இயக்குநர்களுள் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். கதையின் நடுவே பாட்டு வருவதும், ஒருவர் பாட இன்னொருவர் வாயசைப்பதும் அவர்கள் கொண்டுவந்த வழக்கங்களே. தமிழ்ப் படம் பார்ப்பவர்களுக்குப் பின்னணிப் பாடல் என்பது புதிய செய்தி அன்று. ஆனால், அந்த வழக்கம் பாடுபவரை எங்கே நிறுத்துகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

1948இல் வெளிவந்த சிந்தா என்னும் படம் ரம்லியின் முதல் படம். அதில் கதாநாயகன் ரூமாய் நோர். திரையில் அவர் வாய் அசையும்போது எழுந்த குரல் ரம்லியுடையது. ரம்லியும் அதே படத்தில் நடித்தார், ஆனால் வில்லனாக! அவருடைய முகத்தோற்றம் கதாநாயகனுக்கு ஏற்றதன்று என்ற எண்ணம் அப்போது ஸ்டூடியோவில் இருந்தது. ஆகவே, திரையரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவருடைய குரலை விரும்பிக் கேட்டார்கள். அதே மனிதரின் முகத்தை அதே படத்தில் வெறுத்தார்கள். இரண்டும் ஒருவரே என்பது அவர்களுள் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

இப்படி ஏறக்குறைய ஈராண்டுகள் கழிந்தன. சிறு வேடங்களும் பின்னணிப் பாடல்களுமாக அவர் காலம் ஓடியது. அந்த நாள்களை அவர் வீணாக்கவில்லை. ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, திரைக்கதை என ஸ்டூடியோவின் ஒவ்வொரு வேலையையும் அருகில் நின்று கற்றுக்கொண்டார்.

1950இல் பக்தி என்னும் படத்தை எல். கிருஷ்ணன் இயக்கினார். இவர் பினாங்கில் வளர்ந்த தமிழர். முகத்தைப் பற்றிய பழைய எண்ணத்தை ஒதுக்கிவிட்டு, ரம்லியைக் கதாநாயகனாக ஆக்கினார். அந்தப் படத்தில் ரம்லி தம் பாடல்களைத் தம் முகத்தோடு பாடினார். மக்கள் அந்த முகத்தையும் ஏற்றுக்கொண்டார்கள். குரல் அதற்கு முன்பே அவர்கள் மனத்தில் இடம் பிடித்திருந்தது.

அதன்பின் வந்த பத்து ஆண்டுகளை ஒரு குறும்படத்தில் அடக்குவது கடினம். 1955இல் பெனாரெக் பெச்சா என்னும் படத்தை இயக்கி இயக்குநரானார். ஏழை ரிக்‌ஷா ஓட்டுநர் ஒருவரின் கதை அது. பினாங்கில் இயற்றிய அசிசா பாடலை அந்தப் படத்தில் சேர்த்தார். ஹங் துவா படத்தின் இசைக்காக 1956இல் ஆசியத் திரைப்பட விழாவில் விருது கிடைத்தது. அனாக்கு சசாலி படத்தில் இசைக் கலைஞரான தந்தையாகவும், செல்லம் கொடுத்துக் கெட்டுப்போன மகனாகவும் அவரே நடித்தார். அதற்காக 1957இல் தோக்கியோவில் நடந்த விழாவில் சிறந்த நடிகர் விருதைப் பெற்றார். அப்போது அவருக்கு வயது 28. பூஜாங் லாப்போக் வரிசைப் படங்கள் மக்களை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தன. வேலையில்லாத, வாடகை கொடுக்க முடியாத இளைஞர்களின் திண்டாட்டங்களை அவர் நகைச்சுவையாக்கினார். வாழ்நாளில் 60க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். 30க்கும் மேற்பட்ட படங்களை இயக்கினார். 200க்கும் மேற்பட்ட பாடல்களைத் தந்தார். 1961இல் பாடகி சலோமாவை மணந்தார். அவரும் தம் குரலால் பெயர் பெற்றவர்.

குறும்படத்தைத் திட்டமிடும் மாணவர்கள் இந்தக் காலத்துப் படங்களுள் ஒன்றை மட்டுமாவது முழுமையாகப் பார்க்க வேண்டும். அது 1962இல் வெளிவந்த இபு மெர்துவாக்கு. காசிம் செலாமாட் என்னும் இசைக் கலைஞராக ரம்லி அதில் நடித்தார். செல்வர் வீட்டுப் பெண் ஒருத்தி அவருடைய இசையை வானொலியில் கேட்டுக் கேட்டு மனத்தைப் பறிகொடுக்கிறாள். அவரைப் பார்க்கும் முன்பே அவளுக்கு அவரைப் பிடித்துவிடுகிறது. பிறகு வருவது பெருந்துயரம். மனைவி இறந்துவிட்டாள் என்ற பொய்யை நம்பி அழுது அழுது அவர் பார்வையை இழக்கிறார். பார்வை திரும்பியதும் உண்மை தெரிகிறது. தம் கண்களைத் தாமே குத்திக்கொள்கிறார். கதையின் முடிவு ஒரு புறம் இருக்கட்டும். முகத்திற்கு முன் குரல் சென்று சேர்கிறது என்பதை ரம்லி தம் வாழ்க்கையிலிருந்தே அறிந்திருந்தார். அந்தப் படத்தின் முதல் பகுதி அதைக் காட்டுகிறது. படத்தை எப்படித் தொடங்குவது என்பதை அவரிடமிருந்தே கற்றுக்கொள்ளலாம்.

1964இல் அவர் சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூருக்குச் சென்றார். அங்கே மெர்டேக்கா ஸ்டூடியோவில் வேலை. ஜாலான் அம்பாஸில் அவரைச் சுற்றி இருந்த தேர்ந்த குழு அங்கே இல்லை. கருவிகளும் போதவில்லை. வெளியே காலமும் மாறிக்கொண்டிருந்தது. 1963 இறுதியில் மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியிருந்தது. வெளிநாட்டு வண்ணப் படங்கள் திரையரங்குகளை நிறைத்தன. இளைஞர்கள் மின்கித்தார் இசைக்குழுக்களின் பின்னே சென்றார்கள். ரம்லியின் கருப்பு வெள்ளைப் படங்கள் அவர்களுக்குப் பழையனவாகத் தோன்றின. ஒரு காலத்தில் அவர் பாடினால் அலைமோதிய கூட்டம் மெல்லக் கலைந்தது. வருமானமும் சுருங்கியது. சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவும் 1967இல் மூடப்பட்டது. 1972இல் வெளிவந்த லக்சமானா டோ ரே மி அவருடைய கடைசிப் படம்.

1973ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் அதிகாலையில் அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. உயிர் பிழைக்கவில்லை. அவருடைய கடைசி நாள்களைப் பற்றிப் பல கதைகள் உலவுகின்றன. அவற்றுள் சில ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. கேட்பவர் கண்ணீர் விடுகிறார் என்பதற்காக ஒரு கதை உண்மையாகிவிடாது. வாழ்ந்த ஒருவரைப் பற்றிப் படம் எடுக்கும் மாணவர்கள், உறுதியாகத் தெரியாததை நடந்ததுபோல் காட்டாமல் இருப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.

பாராட்டுகள் பிறகுதான் வரிசையாக வந்தன. 1982இல் கோலாலம்பூரில் ஜாலான் பெர்ரி என்னும் சாலை அவர் பெயருக்கு மாறியது. 1986இல் செத்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த வீடு நினைவகமாகத் திறக்கப்பட்டது. 1990இல் டான் ஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அப்போது அவர் இறந்து 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1983இல் காலமான சலோமாவும் அதைக் காண இல்லை. இந்த விருதுகளில் தொடங்கும் படம் பார்வையாளருக்கு ஓர் இனிய பொய்யைச் சொல்லிவிடும். கடைசி ஆண்டுகளில் தொடங்கும் படமோ அவரை இரக்கத்திற்கு உரியவராக மட்டும் ஆக்கிவிடும். படத்தின் இடையிலோ இறுதியிலோ இரண்டும் வரட்டும். வாசலில் நிற்க வேண்டியது வேறு காட்சி.

அது 1948ஆம் ஆண்டின் ஒலிப்பதிவு அறை. அதை அமைக்கப் பெரிய செலவு இல்லை. பள்ளியின் இசை அறை, ஒரு பழைய ஒலிவாங்கி, இரண்டு மாணவர்கள் போதும். முதல் பத்து நொடிகள் திரை கருப்பாகவே இருக்கும். குரல் மட்டும் கேட்கும். ரம்லியின் பாடல்களுக்கு உரிமையாளர்கள் இருப்பதால் முன் அனுமதி பெற வேண்டும். கிடைக்காவிட்டால் மாணவர் ஒருவர் சொந்தமாக அமைத்த மெட்டை முணுமுணுக்கலாம். பிறகு கண்ணாடி முன் அழகாக உடுத்திய கதாநாயகன் தெரிகிறான். அவன் வாய் பாட்டுக்கு ஏற்ப அசைகிறது. பார்ப்பவர் அவனே பாடுவதாக எண்ணிக்கொள்வார். பாட்டின் நடுவே அவன் வாயை மூடுகிறான். குரல் நிற்கவில்லை. கேமரா மெதுவாகத் திரும்பி அறையின் மூலைக்குப் போகிறது. அங்கே வில்லன் உடையில், தன் காட்சிக்கு இன்னும் அழைக்கப்படாத 19 வயது இளைஞன் ஒலிவாங்கியின் முன் கண்மூடிப் பாடிக்கொண்டிருக்கிறான்.

அந்த இடத்தில் வசனம் எதுவும் எழுத வேண்டாம்.