தோல் தொழிலாளியின் மகன் தந்த எழுத்து

அரக்கோணத்திலிருந்து சென்னை செல்லும் மின்சார ரயிலில் பார்வையற்ற வணிகர்களை நாம் காண்கிறோம். கூட்டத்தினூடே சிறு பொருள்களை விற்றுச் செல்லும் அவர்கள், கையில் விழும் நாணயம் எதுவெனத் தடவியே அறிகின்றனர். காசை அறியும் அவ்விரல் எழுத்தையும் அறிய வல்லது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? விரலுக்கு எழுத்தளித்த லூயி பிரெயில் என்னும் பெருமகனாரின் வரலாற்றை, நம் கல்விக் கழக வெள்ளி விழா மலரின் வாயிலாக இளைஞர்கள் முன் வைக்கிறோம்.

பிரான்சு நாட்டில், பாரிசு நகருக்குக் கிழக்கேயுள்ள கூப்ரே என்னும் சிற்றூரில் 1809ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் லூயி பிறந்தார். தந்தையார் குதிரைச் சேணமும் வாரும் செய்யும் தோல் தொழிலாளி. தோலைத் தொட்டுழைத்தவரை இழிந்தோர் என ஒதுக்கிய நாட்டில் பிறந்த நாம், இச்செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ளல் வேண்டும். மூன்று வயதில் லூயி தந்தையின் பட்டறையில் விளையாடிக்கொண்டிருந்தபோது, கூரிய கருவியொன்று கண்ணில் பாய்ந்தது. அது தோலைத் துளைக்கும் குத்தூசி என்பர். புண்ணின் நச்சு மறு கண்ணுக்கும் பரவ, ஐந்து வயதிற்குள் இரு கண்களும் ஒளியிழந்தன.

தந்தையார் சோர்ந்துவிடவில்லை. மரப்பலகையில் ஆணிகளை எழுத்து வடிவில் அடித்து, மகனின் விரலை அவற்றின்மீது வைத்து எழுத்தறிவித்தார் என வரலாற்றாசிரியர் கூறுவர். அவ்வாணிப் பலகையே லூயியின் முதற் பாடநூல்; அதுவே அவருக்கு விளையாட்டுப் பொருளும் ஆயிற்று.

பத்தாம் வயதில், 1819இல், பாரிசிலிருந்த பார்வையற்ற இளைஞர் பள்ளியில் லூயி சேர்ந்தார். கண்ணுள்ளோர் படிக்கும் அதே எழுத்துகளைத் தாளில் புடைக்கச் செய்து அங்குக் கற்பித்தனர். நூல்கள் பெரியவை, கனமானவை. ஒவ்வோர் எழுத்தையும் நெடுநேரம் தடவல் வேண்டும். மாணவர் அவற்றைப் படிக்கலாம். ஆயின் தாமாக எழுத இயலாது. பிறர் தந்ததைப் பெறலாம், தம் கருத்தைச் சொல்லல் ஆகாது என்னும் நிலை அது. அந்நிலையின் துன்பம் நம் முன்னோர் நன்கறிந்ததே.

சார்லசு பார்பியே என்னும் முன்னாள் படை அதிகாரி, பன்னிரு புள்ளிகளைக் கொண்ட எழுத்து முறையொன்றை 1821இல் அப்பள்ளிக்கு அறிமுகம் செய்தார். பன்னிரண்டு புள்ளிகளும் ஒரு விரல் நுனிக்குள் அடங்கவில்லை. லூயி அவற்றை ஆறாகக் குறைத்தார். இடப்புறம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்புறம் 4, 5, 6. இவ்வாறிலிருந்து 63 குறிகள் பிறக்கும். 1824இல் முறையை வகுத்து முடித்தபோது அவருக்கு வயது பதினைந்தே. 1829இல் அதனை நூலாக வெளியிட்டார். கண்ணைப் பறித்ததாகக் கூறப்படும் குத்தூசியை ஒத்த எழுத்தாணியே, தாளில் அப்புள்ளிகளைக் குத்தும் கருவியாயிற்று.

லூயி அப்பள்ளியிலேயே ஆசிரியரானார். தேவாலயங்களில் ஆர்கன் இசைத்தார். ஆயினும், கண்ணுள்ளோர் எழுத்தினின்றும் வேறானதென்று கூறி, 1840இல் பொறுப்பேற்ற தலைவர் புள்ளி எழுத்தை விலக்கினார். மாணவர்களோ மறைவில் அதனை எழுதியும் படித்தும் காத்தனர். 1844இல் புதிய கட்டடத் திறப்பு விழாவில் அதன் ஆற்றல் அனைவர் முன்னும் மெய்ப்பிக்கப்பட்டது. காசநோயால் நலிந்த லூயி 1852 சனவரி 6இல் தம் நாற்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார். இரண்டாண்டுகள் கழித்தே பிரான்சு அம்முறையை முறைப்படி ஏற்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற சிறுவர்க்குக் கல்விப் பணி தொடங்கினார். இந்திய மொழிகளுக்கான பொதுமுறையாகிய பாரதி பிரெயில் 1951இல் உருவாயிற்று. அதில் அகரத்திற்கு முதற்புள்ளி ஒன்றே போதும். ககரத்திற்கு 1, 3. மகரத்திற்கு 1, 3, 4.

ஆணிப் பலகையின் வழி இன்றும் தொடர்கிறது. பிரெயில் எழுத்துகளைக் குமிழ்களாகத் தாங்கிய விளையாட்டுக் கட்டைகளை லெகோ நிறுவனம் 2020 முதல் பார்வையற்ற சிறுவர்க்கென வழங்கிவருகிறது. நமக்கோ முட்டை அட்டையும் புளியங்கொட்டையுமே போதும். அட்டையில் ஆறு குழிகளை வெட்டியெடுத்து, ஒரு சிறுவன் கொட்டைகளை இட, மற்றவன் தடவி எழுத்தைச் சொல்லட்டும். விடை சரியெனில் அடுத்த முறை அவன் இடட்டும். கண்ணுள்ள பிள்ளையும் கண்ணிழந்த பிள்ளையும் ஒன்றாக ஆடலாம். கைபழகிய பின்னர் தாளில் உள்ள சிறு புள்ளிகளுக்குச் செல்லலாம்.

இளைஞர்களே! கற்பவனின் கைக்கு எட்டாத கல்வி, மறுக்கப்பட்ட கல்வியே. நமக்கு எழுத்து மறுக்கப்பட்ட காலத்தை நாம் மறக்கவில்லை. ஆகவே நம் தெருவிலுள்ள பார்வையற்ற குழந்தைக்கு அதனை மறுப்பவராக நாமே ஆகிவிடல் ஆகாது. அக்குழந்தையைத் தேடிச் சென்று, ஆறு குழி அட்டையை அதன் கையில் கொடுப்போம். பள்ளி வாயில் வரை உடன் செல்வோம்.