கறையைத் தேடிச் சென்றவர்

தருமபுரி மாவட்டத்தில் நான் படித்த பள்ளியில், சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்ளும் மாணவர்கள் பலர் இருந்தனர். அவர்களுடைய முன்பற்களில் பழுப்புப் பட்டைகள் படர்ந்திருக்கும். ஒழுங்காகப் பல் துலக்காததால் சேர்ந்த அழுக்கு என்று ஆசிரியர்கள் கடிந்துகொள்வார்கள். நாங்களும் அப்படியே நம்பினோம். அது அழுக்கன்று, குடித்த நீரின் விளைவு என்பதை, ஃபிரெடரிக் மெக்கே என்ற அமெரிக்கப் பல் மருத்துவரின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் முழுமையாக உணர்ந்தேன்.

1874-இல் பிறந்த மெக்கே, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் பயின்று, 1901-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் தொழில் தொடங்கினார். வந்த சில நாள்களிலேயே, அந்த ஊர்க்காரர்களின் பற்களில் விநோதமான பழுப்புக் கறை இருப்பதைக் கண்டார். மருத்துவ நூல்களில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பன்றி இறைச்சியை அதிகம் உண்பதால் என்றனர் சிலர். தரமற்ற பாலால் என்றனர் வேறு சிலர். சக மருத்துவர்களுக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. வலிக்காத நோய்க்கு யார் வைத்தியம் தேடுவார்கள்?

மெக்கே விடவில்லை. அந்நாளில் பல் மருத்துவத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த ஜி.வி. பிளாக்கை 1909-இல் தம் ஊருக்கு வரவழைத்தார். அங்கேயே பிறந்து வளர்ந்த குழந்தைகளில் ஏறத்தாழ 90 சதவீதத்தினருக்குக் கறை இருந்தது கண்டறியப்பட்டது. 1915-இல் பிளாக் மறையும் வரை தொடர்ந்த அந்த ஆய்வில் இரண்டு உண்மைகள் புலப்பட்டன. நிலையான பற்கள் உருவாகி முடிந்த பின்னர் அந்த ஊரில் குடியேறியவர்களுக்குக் கறை வருவதில்லை. மற்றொன்றுதான் வியப்புக்குரியது: கறை படிந்த பற்கள் எளிதில் சொத்தையாவதில்லை. எனாமல் குறைபாடுடைய பல்தானே முதலில் அரிக்கப்பட வேண்டும்? இந்த முரண்பாட்டை ஒதுக்கித் தள்ளாமல் குறித்துவைத்தாரே, அதைத்தான் நான் மெக்கேயின் பெரும்பணியாகக் கருதுகிறேன்.

1923-இல் ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற சிற்றூரிலிருந்து அழைப்பு வந்தது. தொலைவிலிருந்த வெந்நீர் ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்த பிறகே குழந்தைகளின் பற்களில் கறை தோன்றியதாகத் தாய்மார்கள் கூறினர். அந்த நீரைச் சோதித்தும் சந்தேகத்துக்குரிய எதுவும் அகப்படவில்லை. ஆயினும், வேறோர் ஊற்றுக்கு மாறிவிடுங்கள் என்று மெக்கே அறிவுரை கூறினார். ஊரார் மாறினர். சில ஆண்டுகளில் இளங்குழந்தைகளுக்குக் கறையின்றிப் பற்கள் முளைத்தன. காரணப்பொருளின் பெயர் தெரியாமலே நோய் நின்றது.

பெயர் தெரிய வந்தது எதிர்பாராத இடத்திலிருந்து. ஆர்கன்சாஸ் மாநிலத்தில், பாக்சைட் என்ற சுரங்க ஊரிலும் இதே கறை காணப்பட்டது. அலுமினியப் பாத்திரங்கள் நஞ்சு என்ற பேச்சு பரவியிருந்த காலம் அது. ஆகவே அந்த ஊரை நடத்திவந்த அலுமினிய நிறுவனத்தின் தலைமை வேதியியலாளர் எச்.வி. சர்ச்சில் பதறிப்போய், தண்ணீரை நிறமாலை முறையில் ஆராயச் செய்தார். நீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்தது. 1931-இல் அவர் எழுதிய கடிதம், மெக்கேயின் முப்பதாண்டுத் தேடலுக்கு விடை தந்தது.

இனி எஞ்சியது அளவு பற்றிய கேள்வி. அதை அரசுப் பொதுச் சுகாதாரத் துறையின் டிரெண்ட்லி டீன் ஏற்றுக்கொண்டார். லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில், பெரும்பாலானோருக்குக் கண்ணை உறுத்தும் கறை வருவதில்லை, சொத்தையும் குறைகிறது என்று அவரது ஆய்வுகள் காட்டின. நாம் உண்ணும் இனிப்பை வாயிலுள்ள பாக்டீரியாக்கள் அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் எனாமலிலிருந்து கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கரைத்தெடுக்கிறது. உமிழ்நீர் அவற்றை மீண்டும் படியவைக்கிறது. அருகில் சிறிதளவு ஃபுளோரைடு இருந்தால், படிவது விரைவாகவும், அமிலத்துக்கு எளிதில் கரையாததாகவும் அமைகிறது. இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் பல்லின் மேற்பரப்பில் நிகழ்வதால்தான் பற்பசையில் ஃபுளோரைடு பயன் தருகிறது. குழந்தைகள் பற்பசையை விழுங்கக் கூடாது என்பதன் காரணமும் ஓக்லியில் கண்டதுதான்: பல் உருவாகும் வயதில் மிகுதியாக உடலுக்குள் சென்றால் கறை.

1945 ஜனவரியில் மிச்சிகனின் கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரம், உலகிலேயே முதலாவதாகக் குடிநீரில் திட்டமிட்டு ஃபுளோரைடு சேர்த்தது. பதினைந்து ஆண்டுக் கண்காணிப்பில், அதன்பின் பிறந்த குழந்தைகளிடையே சொத்தைப் பல் 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. மெக்கே 1959-இல் காலமானார்.

எங்கள் பக்கத்திலோ சிக்கல் நேரெதிர். நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு அளவுக்கு மீறி இருப்பதால், சேர்ப்பதற்கில்லை, தவிர்ப்பதற்கே வழி வேண்டும். 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் செய்வதும், ஓக்லியில் மெக்கே சொன்னதைத்தான்: ஊற்றை மாற்றுவது. காவிரி நீர் தடையின்றிக் கிடைக்கும் வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்கு வெண்பற்கள் முளைக்கும். என் வகுப்புத் தோழர்களின் கறை அப்படியே இருக்கிறது. சென்ற முறை ஊருக்குப் போனபோது, அவர்களுள் ஒருவர் பேத்தியின் பற்களைக் காட்டிச் சிரித்தார், வாயைக் கையால் மூடிக்கொண்டே.