தன்னையும் எழுதிய வைத்தியர்

என் மகள் உளவளத்துணை படிக்கிறாள். போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஆல்பனியில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் தன் ஆய்வுக்கட்டுரையை வைத்து, இலக்கங்களை ஒருக்கால் சரிபார்க்கச் சொன்னாள். அகதிக் குடும்பங்களோடு கதைத்து எழுதிய ஆய்வு. ஆனால் முதல் பத்துப் பக்கமும் அவளைப் பற்றியே இருந்தன: அகதியின் பிள்ளை, தமிழ் அரைகுறை, வீட்டில் போரைப் பற்றிக் கதைப்பதில்லை. ஆய்வில் உன் கதை எதற்கு என்று கேட்டேன். கேட்கிறவள் யாரென்று தெரியாமல் கேட்டதை எப்படி நம்புவது என்று திருப்பிக் கேட்டாள். ரிவர்ஸைப் பற்றி வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

வில்லியம் ரிவர்ஸ் 1864இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்தவர். தகப்பன் பாதிரியார், திக்குவாய் உள்ளவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். மகனுக்கும் திக்குவாய். அது தகப்பனின் பயிற்சியால் மாறவில்லை. 22 வயதில் வைத்தியரானார், பிறகு கேம்பிரிட்ஜில் உளவியல் படிப்பித்தார். 1898இல் டொரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன ஆய்வுக்குழுவில் சேர்ந்து மானிடவியலுக்குள் இறங்கினார்.

தமிழருக்கு அவர் பெயர் நீலகிரி வழியாகவே தெரிந்திருக்கும். 1901–02இல் தோடர்களோடு தங்கி ஆய்வு செய்தார். அப்போது தோடர்கள் சுமார் 800 பேர்தான். அவர்களின் வம்சாவளிகளையும் எருமைப்பால் கடையும் புனிதக் குடில்களின் சடங்குகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். 1906இல் அது பெரிய புத்தகமாக வந்தது. அதில் மறைக்காமல் எழுதிய ஒரு விடயம் உண்டு. புனித இடத்தைக் காட்டிய ஒருவர் நோயில் விழுந்தார். சடங்கைச் செய்து காட்டிய இன்னொருவரின் மனைவி இறந்தார். மூன்றாமவரின் ஊர்ப் பால்குடில் எரிந்தது. இரகசியத்தை வெளியாளுக்குச் சொன்னதால் வந்த தெய்வக் கோபம் என்று குறிசொல்பவர்கள் சொல்லிவிட்டார்கள். அதன்பின் வாய் திறக்க ஆட்கள் பின்வாங்கினார்கள். தன்னுடைய கேள்விகள் அந்த மனிதர்களுக்கு என்ன செய்தன என்பதும் அந்தப் புத்தகத்தின் தகவலாயிற்று.

தன் உடலையும் அவர் விட்டுவைக்கவில்லை. மதுவும் கோப்பியின் கஃபீனும் களைப்பை என்ன செய்யும் என்று தானே குடித்துச் சோதித்தார். அன்று குடித்தது உண்மையான மருந்தா வெறும் கலவையா என்று தனக்கே தெரியாதபடி ருசியை மறைத்து ஏற்பாடு செய்தார். இந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்தது.

முதலாம் உலகப்போர் வந்தது. 1916 ஒக்டோபரில் எடின்பரோவுக்கு அருகே கிரேக்லொக்கார்ட் இராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனார். ஷெல் சத்தத்தில் குலைந்துபோன அதிகாரிகள். பேச்சு நின்றவர்கள், இரவில் அலறுபவர்கள். சில ஆஸ்பத்திரிகளில் இப்படியானவர்களுக்கு மின்சாரம் பாய்ச்சினார்கள். ரிவர்ஸ் கதைக்க வைத்தார். 1917 யூலையில் சிக்ஃப்ரிட் சசூன் என்ற கவிஞர் அங்கே அனுப்பப்பட்டார். வீரப்பதக்கம் பெற்றவர், இந்தப் போர் வேண்டுமென்றே நீட்டப்படுகிறது, இனிச் சேவை செய்யமாட்டேன் என்று பகிரங்கமாக அறிவித்தவர். அவரைத் திரும்பவும் களத்துக்குத் தயாராக்குவதுதான் ரிவர்ஸின் உத்தியோகம்.

அந்த நாட்களில் ரிவர்ஸுக்கு ஒரு கனவு வந்தது. அதை ஒரு நோயாளியின் கனவைப் போலவே பிரித்துப் பார்த்தார். இவரை மாற்ற உட்கார்ந்திருக்கும் நானே இவர் பக்கம் மாறிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி தனக்குள் இருந்ததை ஒப்புக்கொண்டார். இராணுவச் சீருடை போட்டிருக்கும்வரை இந்த விடயத்தில் தான் சுதந்திரமான ஆள் இல்லை, தன் கருத்து பதவியால் வளைந்திருக்கலாம் என்றும் எழுதினார். கணக்காய்வுக்குப் போகிறவன் அந்தக் கம்பனியில் தனக்குப் பங்கு இருக்கிறதா, உறவினர் இருக்கிறார்களா என்று முதலில் எழுதிக் கையொப்பம் வைக்கவேண்டும். ரிவர்ஸ் வைத்தது அந்தக் கையொப்பம்தான். சசூன் அதே வருடம் நவம்பரில் போருக்குத் திரும்பச் சம்மதித்துப் போனார். வைத்தியருக்கு இது வெற்றியா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

1918 பெப்ரவரியில் லான்செட் இதழில் வந்த அவருடைய கட்டுரை எங்கள் சனத்துக்காகவே எழுதியது போல் இருக்கிறது. மறந்துவிடு, நல்லதை நினை என்ற அறிவுரைதான் பலரை இன்னும் மோசமாக்கியது என்கிறார். ஓர் அதிகாரி தன் சிநேகிதனின் உடல் சிதறிக் கிடந்ததைக் கண்டவர். இரவு இரவாக அதே காட்சி. உடல் இருந்த நிலையே அவர் வேதனைப்படாமல் உடனே இறந்தார் என்பதற்குச் சாட்சி என்று ரிவர்ஸ் எடுத்துச் சொன்னார். பிறகு வந்த கனவில் அந்த அதிகாரி சிநேகிதனின் பொருட்களை மெதுவாகக் கழற்றி, வீட்டாருக்குக் கொடுக்க எடுத்துக்கொண்டார். இன்னொருவருடைய அனுபவத்திலோ ஆறுதல் என்று பிடிக்க ஒரு நூல்கூட இல்லை. தன் முறை அவருக்கு உதவவில்லை என்பதையும் அதே கட்டுரையில் எழுதினார்.

இதை வாசித்தபோது எனக்கு ஒரு பழைய பிற்பகல் வந்து முன்னால் நின்றது. புதிதாக வந்திருந்த எங்கள் ஆள் ஒருவருக்காக ஒரு வைத்தியரிடம் மொழிபெயர்க்கப் போயிருந்தேன். தன் தம்பி கிடந்த விதத்தை அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் ஆங்கிலத்தில், தம்பி ஷெல்லடியில் இறந்துவிட்டார் என்று மட்டும் சொன்னேன். நேரம் போதாது என்று எனக்கு நானே காரணம் வைத்துக்கொண்டேன். நேரம் இருந்தது. அந்தச் சொற்களை என் வாயால் எடுக்க முடியவில்லை. நானும் அதே பாதையால் நடந்து வந்தவன். வைத்தியரின் குறிப்பில் ஏறியது அவருடைய கதை அல்ல, என்னுடைய சுருக்கம். ரிவர்ஸ் சொன்னதுபோல ஓர் ஆறுதல் வார்த்தை சொல்ல அந்த விபரங்களில் ஏதாவது இருந்திருக்குமோ என்னவோ.

ரிவர்ஸுக்கும் எட்டாத ஓர் இடம் இருந்தது. ஐந்து வயதுவரை வாழ்ந்த வீட்டின் கீழ்த்தளம் நினைவில் இருந்தது. மேல்மாடி அறவே இல்லை. அங்கே ஏதோ நடந்திருக்கவேண்டும் என்று நினைத்தார், எழுதினார், கண்டுபிடிக்கவில்லை. 1922 யூன் 4, கேம்பிரிட்ஜில் குடலிறக்கம் இறுகி இறந்தபோது வயது 58. தொழிற்கட்சி வேட்பாளராகப் பாராளுமன்றத்துக்குப் போட்டியிட இருந்தார். அந்தக் கனவு உள்ள புத்தகம் அடுத்த வருடம் வெளிவந்தது.

மகளிடம் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு இடங்களில் கூட்டல் பிழை. அந்த மொழிபெயர்ப்பைப் பற்றியும் சொன்னேன். எழுதலாமா அப்பா என்று கேட்டாள். ஓம் என்றேன்.