புனித அருளானந்தரின் பலியும் நமது பரிகாரமும்

யூபிலி கொண்டாடும் பூண்டிப் பங்கின் இறைமக்களே! பலி, பரிகாரம் என்னும் சொற்களை ஞாயிறுதோறும் திருப்பலியில் கேட்கிறோம். அவற்றின் பொருளை ஞானோபதேச வகுப்பில் மனப்பாடமும் செய்திருக்கிறோம். ஆனால் ஓர் உயிருள்ள மனிதரின் வாழ்வில் அவற்றைப் பார்க்கும்போதுதான் அப்பொருள் நெஞ்சில் பதிகிறது. அதற்கு நம் தமிழ் மண்ணில் இரத்தம் சிந்திய வேதசாட்சி புனித அருளானந்தரைவிடச் சிறந்த ஆசிரியர் வேறு யார்?

1647ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில், உயர்குடியில் பிறந்தார் ஜான் தெ பிரிட்டோ. அரச குமாரன் பேதுருவின் தோழனாக அரண்மனையில் வளர்ந்தார். சிறுவயதில் கடும் நோயுற்றபோது, தாயார் புனித சவேரியாருக்கு நேர்ச்சை செய்தார். நலம் பெற்ற சிறுவன், நேர்ந்தபடியே ஓராண்டு சேசு சபையினரின் அங்கியை அணிந்து அரண்மனையில் நடமாடினான். நேர்ச்சைக்காக அணிந்த அங்கியே அவனுடைய வாழ்வாயிற்று. 1662இல் சேசு சபையில் சேர்ந்த அவர், குருப்பட்டம் பெற்று 1673இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

மதுரை மிஷனில் அவர் அருளானந்தர் ஆனார். காவி உடுத்து, புலால் தவிர்த்து, பண்டார சுவாமிகளாகக் கால்நடையாகவே ஊர் ஊராய்ச் சென்றார். 1686இல் மறவர் சீமையில் பிடிபட்டு, உபதேசிமார்களுடன் கொடிய வாதைகளை அனுபவித்தார். இனி அந்நாட்டில் போதிக்கக் கூடாது என்ற கட்டளையுடன் விடுவிக்கப்பட்டார். சபைப் பணியாக ஐரோப்பா சென்றபோது, பழைய தோழன் பேதுரு அரசராயிருந்தார். அரண்மனையிலேயே தங்கும்படி வேண்டினார். அருளானந்தரோ 1690இல் மீண்டும் இந்தியா வந்து சேர்ந்தார்.

இங்குதான் பலியும் பரிகாரமும் ஒன்றையொன்று தொடுகின்றன. இராமநாதபுரம் அரச குடும்பத்தைச் சேர்ந்த தடியத்தேவர், தீராத நோய் நீங்கி நலமடைந்து ஞானஸ்நானம் கேட்டார். அவருக்கு மனைவியர் பலர். ஒருத்தியோடு மட்டும் வாழ இசைந்தாலன்றி ஞானஸ்நானம் இல்லை என்றார் குரு. தேவர் இசைந்தார். 1693 சனவரியில், மூன்று அரசர்கள் திருநாளன்று, திருமுழுக்குப் பெற்றார். விலக்கப்பட்டவர்களுள் இளையவள் கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அவளது மனவேதனையும் சிறிதல்ல. அவள் அரசரிடம் முறையிட்டாள். சில நாட்களில் குரு கைதானார்.

பெரிய மனிதர் என்பதற்காக நிபந்தனையைச் சற்றுத் தளர்த்தியிருந்தால் அருளானந்தர் உயிர் பிழைத்திருக்கலாம். அவர் தளர்த்தவில்லை. வாழ்வு மாறாத மனஸ்தாபம் மனஸ்தாபமல்ல என்பதை அறிந்திருந்தார். ஒருவர் மனந்திரும்பியதற்கு விலை தம் தலையில் விழுந்தபோதும் அதை மறுக்கவில்லை.

இராமநாதபுரத்திலிருந்து அவரை ஓரியூருக்கு அனுப்பினார்கள். சிறையிலே கரியைக் கரைத்து மையாக்கித் தம் சகோதரக் குருக்களுக்குக் கடிதம் எழுதினார். 1693 பிப்ரவரி 4ஆம் நாள் தலை வெட்டப்பட்டு உயிர்ப்பலியானார். அன்று விபூதிப் புதன். திருச்சபை தன் பிள்ளைகளின் நெற்றியில் சாம்பல் பூசித் தவத்துக்கு அழைக்கும் அதே நாள்! அவர் இரத்தம் படிந்ததாகப் பக்தர்கள் போற்றும் ஓரியூர்ச் செம்மண்ணை இன்றும் பக்தியோடு எடுத்துச் செல்கிறார்கள். 1853இல் ஒன்பதாம் பத்திநாதர் அவருக்கு முத்திப்பேறு பட்டமளித்தார். 1947இல் பன்னிரண்டாம் பத்திநாதர் புனிதராக உயர்த்தினார். அவருடைய சபையினரே பிற்காலத்தில் நம் பழனி மலைக்கு வந்து, 1895இல் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரியை நிறுவினர்.

ஒன்றை மட்டும் தெளிவாய் அறிந்துகொள்வோம். நம் பாவங்களுக்கு ஈடு செய்த பலி ஒன்றே. அது கல்வாரியில் கிறிஸ்து நாதர் தம்மையே ஒப்புக்கொடுத்த பலி. எந்தப் புனிதரின் இரத்தமும் அதற்கு மாற்றல்ல. கடவுள் இரத்தத்துக்குத் தாகங்கொண்டவரும் அல்லர். மனிதன் கீழ்ப்படியாமையால் முறித்த உறவை, மனிதனான இறைமகன் சாவுமட்டும் கீழ்ப்படிந்து அன்பினால் ஒட்டவைத்தார். அதுவே பரிகாரம். அந்த ஒரே பலி இரத்தம் சிந்தாத முறையில் நம் பீடத்தில் நிகழ்கிறது. வேதசாட்சி தம் உயிரை அதனோடு சேர்த்து வைக்கிறார். நாமும் நம் சிறு பலிகளை அப்பத்தோடும் இரசத்தோடும் சேர்த்து வைக்கிறோம்.

நம்மிடம் வாள் கேட்கப்படவில்லை. ஆனால் தேவரிடம் கேட்கப்பட்டது நம்மிடமும் கேட்கப்படுகிறது. உருளைக்கிழங்குக் காட்டில் நகர்த்திய எல்லைக்கல், முறை தவறித் திருப்பிய தண்ணீர், கொடுக்காமல் விட்ட கூலி, ஆண்டுக்கணக்கில் பேசாத அண்ணன் தம்பி, குடியினால் கண்ணீர் வடிக்கும் வீடு... இவற்றைச் சரிசெய்யாமல் பாவசங்கீர்த்தனத் தொட்டியிலிருந்து எழுந்து போனால் போதுமா? மன்னிப்பு இலவசம், பறித்ததைத் திருப்பிக் கொடுப்பதோ நம் கடமை. கல்லைப் பழைய இடத்தில் நட்டுவிட்டுப் பீடத்தண்டை வருவோம். அதுவே இந்த யூபிலிக்கு நாம் செலுத்தும் மேலான காணிக்கை.

புனித அருளானந்தரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!