அபோன்ஸோ கோஸ்டா: சட்டமும் மனச்சான்றும்

சட்டம் இயற்றுதல் ஒரு கலை. இயற்றிய சட்டத்தை மக்கள் உள்ளத்தில் வேரூன்றச் செய்தல் அதனினும் அரிய கலை. முன்னதில் வல்லவராய் விளங்கிப் பின்னதில் இடர்ப்பட்டோருள் ஒருவர், போர்த்துக்கல் தேசத்தின் நியாயவாதியும், பேராசிரியரும், மும்முறை பிரதம மந்திரியுமாயிருந்த அபோன்ஸோ கோஸ்டா. மாணவர் அறிந்து சிந்தித்தற்குரிய இவர் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாய்க் கூறப் புகுகின்றோம்.

இவர் 1871-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 6-ஆம் தேதி, எஸ்திரேலா மலைத்தொடரைச் சார்ந்த ஸெயா என்னும் ஊரில் ஒரு வக்கீலின் மகனாய்ப் பிறந்தார். கொயிம்பிரா நகரத்துப் பழம்பெருஞ் சர்வகலாசாலையில் சட்டம் பயின்று 1894-ல் தேர்ச்சி பெற்றார். மறு வருஷம் டாக்டர் பட்டத்தின்பொருட்டு இவர் எழுதிய நூல், திருச்சபையும் சமுதாயப் பிரச்சினையும் என்னும் பொருள்பற்றியது. தொழிலாளர் நிலைமை குறித்து 1891-ல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ விடுத்த நிருபத்தை அதில் மறுத்து, சமதர்மக் கொள்கையை ஆதரித்து வாதித்தார். தாம் கற்ற சர்வகலாசாலையிலேயே இருபத்தைந்து பிராயத்தில் ஆசிரியராய் அமர்ந்தார்.

அக்காலத்தில் அந்நாடு அரசர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. கோஸ்டாவோ குடியரசுக் கட்சியினர். 1899-ல் போர்த்தோ நகரில் மகாமாரி தோன்றவே, அரசாங்கத்தார் நகரைச் சுற்றிப் படை நிறுத்திப் போக்குவரவைத் தடுத்தனர். வாணிகம் குன்றிச் சினங்கொண்ட நகரத்தார் குடியரசுக் கட்சியினர் மூவரைச் சட்டசபைக்குத் தெரிந்தெடுத்தனர். அம்மூவருள் ஒருவர் கோஸ்டா. அத்தேர்தல் செல்லாதென்று தள்ளப்பட்டபோதிலும், 1900-ல் நகரத்தார் அவர்களையே மீண்டும் அனுப்பினர்.

சட்டசபையில் இவர் நாவன்மை அரசாங்கத்துக்குப் பேரச்சம் விளைத்தது. அரச குடும்பத்தார் சபையின் சம்மதமின்றிப் பொக்கிஷத்திலிருந்து முன்பணம் பெற்றுவந்தமை 1906-ல் வெளிப்பட்டது. அப்பொழுது கோஸ்டா, தலையிழந்த பிரெஞ்சு மன்னன் பதினாறாம் லூயியின் குற்றங்களினும் தம் மன்னர் கார்லோஸின் குற்றங்கள் மிக்கனவென்று கூறினார். அதனால் படைவீரரைக்கொண்டு சபையினின்றும் வெளியேற்றப்பட்டார். 1908-ஆம் வருஷம் ஜனவரி 28-ல் நிகழ்ந்த புரட்சி முயற்சி தோல்வியுற, இவர் சிறைப்பட்டார். நான்கு நாட்களுக்குப்பின், பெப்ருவரி முதல் தேதி, மன்னரும் மூத்த இளவரசரும் லிஸ்பன் வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டாண்டு கழிந்து 1910 அக்டோபர் 5-ல் குடியரசு நிறுவப்பட்டபொழுது, கோஸ்டா நீதி, சமய இலாகாக்களின் மந்திரியானார்.

இனி இவர் செய்த சட்டங்களைக் கருதுவோம். மூன்றே நாட்களில் இயேசு சபையார் தேசத்தை விட்டு நீக்கப்பட்டனர். நவம்பரில் விவாகரத்துச் சட்டமும், டிசம்பரில் குடும்பச் சட்டங்களும் வெளிவந்தன. 1911 பெப்ருவரியில் பிறப்பு, விவாகம், இறப்பு ஆகியவற்றை அரசாங்க அலுவலரே பதிவுசெய்தல் வேண்டுமென விதிக்கப்பட்டது. எச்சமயத்தாரும் எச்சமயமும் சாராதாரும் குருமாரை நாடாது தம் பிள்ளைகளைப் பதிவுசெய்யும் உரிமை இதனாற் கிடைத்தது. இஃது உண்மையில் பெரியதோர் விடுதலையேயாம்.

ஆயினும் 1911 ஏப்பிரல் 20-ல் பிறந்த பிரிவினைச் சட்டம் வேறு தன்மையது. கத்தோலிக்க மதம் அரசாங்க மதமாயிருத்தல் ஒழிந்தது. எல்லார்க்கும் மனச்சான்றின் சுதந்தரம் அளிக்கப்பட்டது. இவ்வளவோடு நின்றிருப்பின் பலர் இதனைப் போற்றியிருப்பர். ஆனால் ஆலயச் சொத்துக்கள் அரசாங்கத்துக்கு உரியனவாயின. வழிபாட்டை நடத்தும் பொறுப்பு இல்லறத்தார் சங்கங்களிடம் விடப்பட்டது. குருமார் தம் அங்கியோடு வீதியில் நடத்தலும் தடுக்கப்பட்டது. ஒரு கையால் அளித்த சுதந்தரத்தை மறு கையால் குறுக்கியவாறன்றோ இது! பாப்பரசர் பத்தாம் பயஸ் இச்சட்டத்தைக் கண்டித்து நிருபம் விடுத்தார். அரசாங்கம் தரமுன்வந்த உபகாரச் சம்பளத்தைக் குருமாருள் பெரும்பான்மையோர், வறுமைக்கு அஞ்சாது, ஏற்க மறுத்தனர்.

ஈண்டு நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு செய்தியுமுண்டு. காங்கோ தேசத்தில் மிஷனெரியாய் உழைத்தவரும், 1897 முதல் 1899 வரை நம் மயிலாப்பூரின் மேற்றிராணியாராயிருந்தவருமான அந்தோனியோ பரோஸோ, அப்பொழுது போர்த்தோ மேற்றிராணியாராய் விளங்கினார். மேற்றிராணிமார் கூடி வெளியிட்ட நிருபத்தை ஆலயங்களில் வாசித்தலாகாதென்று கோஸ்டா தடுத்தார். பரோஸோ தடைக்கு இணங்கவில்லை. 1911 மார்ச்சில் அவரை லிஸ்பனுக்கு வருவித்து விசாரித்துப் பதவியினின்றும் நீக்கினர். மனச்சான்றின் பொருட்டுச் சட்டம் செய்தவர் முன்னிலையில், மனச்சான்றின் பொருட்டே ஒரு முதியவர் குற்றவாளியாய் நின்றார்.

1913 ஜனவரியில் கோஸ்டா பிரதம மந்திரியும் நிதி மந்திரியும் ஆனார். வருவாய்க்கு வழி காட்டாது செலவை மிகுக்கும் பிரேரணைகளைச் சட்டசபையார் கொணர்தலைத் தடுத்து, நெடுங்காலம் பற்றாக்குறையில் உழன்ற வரவுசெலவுத் திட்டத்தில் மிச்சம் காட்டினார். லிஸ்பனில் புதிய சட்டக் கல்லூரி அமைதற்கும் அவ்வாண்டே துணைநின்றார். ஆனால் அவ்வாண்டின் தேர்தற் சட்டமோ, எழுத்தறிந்த ஆடவர்க்கே வாக்குரிமை தந்தது. 1911-ல் கரோலினா பெயாட்ரிஸ் ஆஞ்செலோ என்னும் பெண் மருத்துவர் நீதிமன்றத்தின் தீர்ப்புப் பெற்று வாக்களித்திருந்தார். அவ்வழியும் இப்பொழுது அடைபட்டது. எழுத்தறியாதோரே மிக்க நாட்டில், குடியரசு குடிகளைப் புறத்தே நிறுத்திற்று.

அவர்தம் வாழ்வையும் அச்சம் சூழ்ந்தது. 1915 ஜூலையில் டிராம் வண்டியிற் செல்லுகையில் எழுந்த ஓசையைக் குண்டு வெடித்ததென மயங்கி, ஜன்னல் வழியே குதித்து மண்டையில் அடிபட்டார். தேறியெழுந்து, நவம்பரில் மறுபடியும் பிரதம மந்திரியானார். 1916 மார்ச்சில் ஜெர்மனி போர் தொடுத்தது. 1917-ல் மூன்றாம் முறை பதவியேற்றபொழுது, போரினாலும் உணவு முடையினாலும் மக்கள் நொந்திருந்தனர். டிசம்பரில் ஸிடோனியோ பாயிஸ் படைகொண்டு ஆட்சியைக் கைப்பற்ற, கோஸ்டா சிறைப்பட்டார். விடுதலையானபின் பாரீசை அடைந்து, 1919-ல் சமாதான மகாநாட்டில் தம் தேசத்துத் தூதுக்குழுவின் தலைவராய் வெர்ஸேல்ஸ் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார். 1926 மார்ச்சில் சர்வதேச சங்கத்தின் விசேஷப் பேரவைக்குத் தலைமை தாங்கினார்.

அடுத்த மே மாதம் 28-ல் எழுந்த படைப்புரட்சி குடியரசின் பாராளுமன்ற ஆட்சியை முடித்தது. கொயிம்பிராவின் மற்றொரு பேராசிரியராகிய ஸலஸார் 1928-ல் நிதி மந்திரியும், 1932-ல் பிரதம மந்திரியுமானார். கோஸ்டா அவ்வாட்சியை எதிர்த்தவராகவே, 1937 மே 11-ல் பாரீசில் உயிர் நீத்தார்.

இவர் செய்தவற்றுள் நிலைத்தன எவை? அரசாங்கப் பதிவு முறை நிலைத்தது. 1940-ல் ஸலஸார் பாப்பரசரோடு உடன்படிக்கை செய்து திருச்சபைக்குச் சட்ட உரிமைகளை மீட்டளித்தபோதும், அரசும் திருச்சபையும் வெவ்வேறென்னும் கோட்பாடு அழியவில்லை. அங்கியைத் தடுத்த விதியும், மேற்றிராணியாரை விலக்கிய ஆணையும் நில்லாது ஒழிந்தன. எல்லார்க்கும் நன்மை கருதி இயற்றியவை நிலைபெற்றன. மாற்றாரை அடக்கக் கருதி இயற்றியவை மாய்ந்தன.

ஆதலின் கோஸ்டாவை வெறுத்தல் நம் நோக்கமன்று. அவர் துணிவும், உழைப்பும், கல்வியும் போற்றத்தக்கனவே. நாளை நியாயவாதிகளாகவும் ஆசிரியராகவும் நாட்டை ஆள்வோராகவும் புறப்படவிருக்கும் நம் மாணவர், தமக்கு வேண்டும் சுதந்தரத்தைத் தம்மோடு மாறுபடுவோர்க்கும் குறைவின்றி அளிக்கக் கற்பாராக. இதுவே இவ்வாழ்க்கையினின்றும் நாம் பெறும் பாடம்.