இருளுக்கு அஞ்சிய சிறுவன்

அஞ்சாமை என்பது ஒரு சிலருக்குப் பிறவியிலேயே வாய்க்கும் வரம் என்று நம்மில் பலரும் எண்ணுகிறோம். வகுப்பில் விடை தெரிந்திருந்தும் எழுந்து நின்று சொல்லத் தயங்குகிறோம். பிறகு, அது நம் பிறவிக் குணம் என்று நமக்கு நாமே ஆறுதலும் சொல்லிக்கொள்கிறோம். அண்ணல் காந்தியடிகளின் இளமைப் பருவத்தைப் படித்தால் இந்த எண்ணம் நிலைக்காது.

1869 அக்டோபர் 2 அன்று போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ், ராஜ்கோட்டில் வளர்ந்தார். கூச்சமே உருவான சிறுவன் அவர். மணி அடிக்கும் நேரத்துக்குப் பள்ளிக்குப் போவார். பள்ளி விட்டதும் வீட்டுக்கு ஓடி வந்துவிடுவார். யாராவது பேச்சுக் கொடுத்துக் கேலி செய்துவிடுவார்களோ என்ற அச்சமே காரணம். இரவு வந்தால் திருடர் பயம், பேய்ப் பயம், பாம்புப் பயம். விளக்கில்லாமல் உறக்கம் வராது. 13 வயதில் திருமணம் ஆன பின்னும் இப்பயம் நீங்கவில்லை. கஸ்தூரிபாவோ இருட்டில் எங்கும் துணிந்து போய்வருவார்! பயம் தோன்றும்போது ராமநாமம் சொல்லும்படி கற்றுக்கொடுத்தவர், ரம்பா என்ற பணிப்பெண்.

இத்தகைய சிறுவனுக்கு 15-ஆம் வயதில் ஒரு சோதனை வந்தது. அண்ணன் ஒருவருக்கு 25 ரூபாய் கடன். அதைத் தீர்க்க, அண்ணன் கையில் இருந்த தங்கக் காப்பில் ஒரு துண்டை வெட்டி விற்றார்கள். கடன் தீர்ந்தது, நெஞ்சின் பாரம் தீரவில்லை. தந்தையிடம் சொல்லிவிட வேண்டும் என்று மனம் துடித்தது. ஆனால் நா எழவில்லை. தந்தை அடிப்பார் என்ற பயம் அவருக்கு இல்லை. அவர் மனம் நொந்துபோவாரே என்பதுதான் பயம்.

வாயால் சொல்ல முடியாததைக் கையால் எழுதினார். குற்றத்தை ஒப்புக்கொண்டு, தக்க தண்டனையும் கேட்டார். தம் பிழைக்காகத் தந்தை தம்மையே வருத்திக்கொள்ளக் கூடாது என்று வேண்டினார். இனித் திருடுவதில்லை என்று உறுதியும் எழுதினார். தந்தை கரம்சந்த் அப்போது பவுத்திர நோயால் மரப்பலகையில் படுத்திருந்தார். நடுங்கும் கையால் தாளைக் கொடுத்துவிட்டு, மகன் எதிரே உட்கார்ந்தார். எழுந்து அமர்ந்து படித்த தந்தையின் கண்ணீர் தாளை நனைத்தது. சிறிது நேரம் கண்களை மூடியிருந்தார். பிறகு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டார். மகனும் அழுதார். துணைக்கு அண்ணனை அழைக்காமல், எவரும் தூண்டாமல், தனியாக அவர் செய்த வீரச்செயல் அது. பார்த்துக் கைதட்ட அங்கே ஒருவரும் இல்லை.

அந்த ஒரு நாளோடு கூச்சம் பறந்துவிட்டதா? இல்லை. லண்டனில் சட்டம் படித்தபோது, சைவ உணவுச் சங்கத்தில் அவர் எழுதிச் சென்ற உரையை வேறொருவர் படிக்க நேர்ந்தது. 1891-இல் பாரிஸ்டராகத் திரும்பியவர், பம்பாயில் தம் முதல் வழக்கில் எழுந்து நின்றார், தலை சுற்றியது, ஒரு கேள்வியும் வரவில்லை. வழக்கை வேறு வக்கீலிடம் விட்டுவிட்டு, வாங்கிய 30 ரூபாயையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

1893 ஜூன் மாதம், தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில், முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்தும் நிறத்தைக் காரணம் காட்டி ரயிலிலிருந்து வெளியே தள்ளப்பட்டார். கடுங்குளிர். மேலங்கி நிலைய அதிகாரிகள் வசம் இருந்த பெட்டிக்குள் இருந்தது. கேட்டால் மீண்டும் அவமதிப்பார்களோ என்று அஞ்சி, கேளாமலே இரவு முழுதும் நடுங்கினார். ஆனால் அதே இரவில்தான், ஊருக்கு ஓடிவிடாமல் நின்று போராடுவது என்று முடிவு செய்தார். மேலங்கியைக் கேட்கக் கூசியவர், நிறவெறியை எதிர்க்கத் துணிந்தார்! பின்பு பிரிட்டோரியாவில் இந்தியர்களைக் கூட்டி, அவர்கள் நிலை குறித்துத் தம் வாழ்வின் முதல் மேடைப் பேச்சைப் பேசினார்.

அச்சம் அற்றுப்போகட்டும், பிறகு செயலில் இறங்கலாம் என்று அண்ணல் காத்திருக்கவில்லை. அஞ்சிக்கொண்டே சரியானதைச் செய்தார். செய்யச் செய்ய அச்சம் தேய்ந்தது.

நண்பர்களே! எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். நாவெழாமல் பின்வரிசையில் ஒதுங்கிய நாட்கள் எனக்கும் உண்டு. பேச்சு வராத நாளில், நடுங்கும் கையால் எழுதிய அந்த ஒரு தாளை நினைத்துக்கொள்வோம்.